வெளியே இருக்கிற சூரியன்

வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடச் சொன்னார் முக்தார் பாய்:
ஏசியா, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸா.
ஏசி என்றால் பயிற்சி இங்கேயே, கம்பெனிச் செலவில்,
மூன்று வருட பாண்டு, பி.எஃப்., மாதம் இருபத்திரண்டாயிரம்.
கியர்பாக்ஸ் என்றால் கோயம்புத்தூரில் ஐந்து மாதம்,
என் கைக்காசில்.
திரும்பி வந்தால் வேலை இருக்கலாம் என்றார்.
அந்த 'லாம்' மேல் கொஞ்சம் கிரீஸ் ஒட்டியிருந்தது.

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று
எங்கள் ஊரில் இல்லாததையெல்லாம் பட்டியல் போடுவார்கள்.
வெயில் இல்லையென்று ஒருத்தரும் சொன்னதில்லை.
பங்குனியிலேயே கோணவட்டத்தில்
ஸ்பேனரைத் துணி சுற்றித்தான் எடுக்கிறோம்.
சித்திரை பிறந்தால் ஷெட் வாசலில் டாக்சி வரிசை.
காட்பாடி ஸ்டேஷனிலிருந்து ஆஸ்பத்திரிக்கு
வங்காளத்துக் குடும்பங்களை ஏற்றி இறக்கும் வண்டிகள்.
எல்லாவற்றுக்கும் ஒரே வியாதி:
"காத்து வருது, கூலிங் வரல."
கேஸ் நிரப்பு, கண்டென்சரைக் கழுவு, ஓ-ரிங் மாற்று.
சூரியன் ராஜினாமா செய்யாத வரை
இந்த வேலைக்கு ஆபத்தில்லை.

கியர்பாக்ஸ் மாதத்துக்கு ஒன்று வரும்.
பாய் மூடியைத் தொடவிடமாட்டார்,
லாரியில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பிவிடுவார்.
போன ஆடியில், பள்ளிகொண்டா பக்கம்
லாரிக்கு அடியில் போன ஒரு காரின் கியர்பாக்ஸை
காயலான் கடையில் எடைக்கு வாங்கினேன், இரண்டாயிரத்து நானூறு.
கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.
அந்த எண்ணெய் வாசனைக்குத் தலைமாட்டைக் கால்மாடாக மாற்றிப்
படுக்கிறாள் அம்சவல்லி.

நடுவில் இருக்கும் பல்சக்கரத்துக்குச் சூரியன் என்று பெயர்.
சுற்றிலும் மூன்று கிரகங்கள், அவற்றைத் தாங்க ஒரு கேரியர்,
எல்லாவற்றுக்கும் வெளியே வளையம்.
ஏதாவது ஒன்றைப் பிடித்து நிறுத்தினால்தான்
மற்றவை வண்டியை இழுக்கும்.
வளையத்தைப் பிடித்தால் மெதுவாக, பாரத்தோடு, மேடேறும்.
கேரியரைப் பிடித்தால் பின்னால் போகும்.
எதையுமே பிடிக்காவிட்டால் நியூட்ரல்:
உள்ளே எல்லாம் சுற்றும்,
வண்டி நிற்கும்.

திங்கள், செவ்வாய், நான் நியூட்ரலில் இருந்தேன்.

புதன்கிழமை ராத்திரி கேஸ் பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டோம்.
வாடகை. சீட்டு. ஸ்கேனுக்கு ஒதுக்கியது.
ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் அவள் சம்பளம்,
அது இன்னும் மூன்று மாதம்தான்.
"போ" என்றாள்.
பேனாவை மூடிவிட்டு, "போறதுன்னா போ" என்றாள்.
அந்த இரண்டு 'போ'வுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை
ஃபீலர் கேஜ் இல்லாமலே அளந்துவிட்டேன்.

ஏசி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
பாய் டீ சொன்னார், எனக்கு மட்டும் ஒரு சமோசா.
பெரிய துக்கமெல்லாம் இல்லை.
மதியம் வந்த டாக்சியின் பின்சீட்டில்
மொட்டைத்தலையும் முகக்கவசமுமாக ஒரு பையன்.
கம்ப்ரசர் கிளட்ச் டக்கென்று பிடித்ததும்
காற்றுவழிக்கு நேரே உள்ளங்கையை விரித்து வைத்தான்.
நான் பில் எழுதி முடித்தும்
எடுக்கவில்லை.

இரவு கட்டிலுக்கு அடியிலிருந்து அதை இழுத்தேன்.
விற்கத்தான். துடைத்து வைத்தால்
காலையில் அதே கடைக்காரன் அதே எடைக்கு எடுப்பான்.
நைட்டியை முட்டிக்கு மேல் ஏற்றிக்கொண்டு
எதிரே வந்து குந்தினாள். நடுச்சக்கரத்தை
ஒரு விரலால் தள்ளிப் பார்த்தாள்.
"இது இன்னாது?"
"சூரியன்."
"வெளிய கீறது போதாதா?"

கேட்டுவிட்டு,
இரண்டு கையாலும் வளையத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு
"இப்ப சுத்து" என்றாள்.