மூன்றாம் நாள்

புத்தூர் கட்டுக் கொட்டகையில்
பச்சிலைச் சாற்றில் முட்டை உடைத்து ஊற்றுவது என் வேலை.
மோதிரம் கழற்றுவதும்.

டோக்கன் பதினெட்டு, மணி ஏழரை,
நகரி செங்கல் லாரி முனிரத்தினம்.
நடுவிரல் கத்திரிக்காயாய் வீங்கி
நீலக்கல் மட்டும் முழித்துக்கொண்டிருந்தது.

சோப்பு போட்டேன், நூல் சுற்றி இழுத்தேன்.
"அறுத்துடாதேம்மா, நாலே முக்கால் ரத்தி.
மூணு நாள் போட்டுப் பாரு, ஒத்துக்கலேன்னா
திருப்பிக் கொடுன்னு கடைக்காரர் வாக்கு.
இன்னிக்குச் சாயந்திரம் வரைக்கும் கெடு."

லாரியின் பின்பலகை விழுந்தது நேற்று ராத்திரி.
ஒத்துக்கலேன்னு சொல்ல
இதைவிட என்ன வேணும் என்றேன்.
வலியோடு யோசித்தார்.
"தலைக்கு வந்தது விரலோட போச்சும்பாரே அவரு."
அதுவும் சரிதான்.
பவளம் வந்திருக்கிறது இங்கே, புஷ்பராகம்,
ஒரு தடவை காலுடைந்த ஜோசியரே.
எந்தக் கல்லும் சாட்சி சொன்னதில்லை.

ஏது பணம்?
"சம்சாரத்துக் கம்மல்."
சுவரைப் பார்த்துச் சொன்னார்.

உள்ளிருந்து கட்டுக்காரர் குரல்: "கோசெய்யம்மா!"

வெள்ளிதான், நாலு நிமிஷத்தில் விட்டது.
விரலில் ஒரு பள்ளம்,
முப்பது வருஷம் போட்டிருந்த மாதிரி.
கல்லை வைக்க வேறெதுவும் கிடைக்காமல்
உடைத்த முட்டையோட்டில் போட்டு நீட்டினேன்.

வலக்கையில் மூங்கில் பத்தை,
இடக்கையில் பாதி ஓடு.
நகரி பஸ்ஸில் நெரிசல்.
படியில் ஏறும்போது அவர் குரல் கேட்டது:
"முட்டைங்க, முட்டை,
கொஞ்சம் பாத்து."