முன்சக்கரக் கறுப்பு

காசிமேட்டுக் கல்யாணத்தில்
போட்டோக்காரன் மணப்பெண்ணை பானட்டில் சாயச் சொன்னான்.
சாய்ந்தாள், சிரித்தாள்.
நிமிர்ந்தபோது சந்தனப் பட்டின் ஓரத்தில்
ஒரு விரல் நீளத்துக்கு
முன்சக்கரம் கையெழுத்துப் போட்டிருந்தது.

யாரும் என்னைத் திட்டவில்லை.
அவள் அம்மா மட்டும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து
முந்தானையால் துடைத்தாள்.
துடைக்கத் துடைக்கப் பரவியது.
வாடகையில் முந்நூறு குறைத்துக்கொண்டேன்,
கேட்காமலே.

அன்று காலையில்தான் கழுவியிருந்தேன்,
ஷாம்பு போட்டு, இடுக்கெல்லாம் பல் பிரஷ் விட்டு.
சாயங்காலம் பின்சக்கரம் இரண்டும் மாப்பிள்ளை மாதிரி நின்றன.
முன்சக்கரங்கள்
பந்தியில் அடுப்பூதியவன் முகம்.

மூலகொத்தளம் கடையில் ரெஜினா
இரண்டு அட்டைப்பெட்டிகளை எடுத்து வைத்தாள்.
"இது இரும்புத்தூள் கலந்தது. மிதிச்சா கடிக்கும்.
ஆனா கரியா கொட்டும்.
இது செராமிக். தூசு கம்மி, சத்தம் கெடையாது.
காலையில முத மிதி மட்டும் கொஞ்சம் சோம்பலா இருக்குமாம்."
"எவ்ளோ சோம்பல்?"
"எனக்கு இன்னாண்ணா தெரியும், நான் ஸ்கூட்டி ஓட்றவ."

எவ்வளவு என்பதுதான் எனக்கும் வேண்டியிருந்தது.
எண்ணூர் சாலையில் முன்னால் போகும் கன்டெய்னருக்குப்
பின்விளக்கு இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு சிவப்புத் துணி.
துறைமுக வாசல் நோக்கி வரிசை நகரும், நிற்கும்,
எதற்கென்று தெரியாமல் நிற்கும்.
அங்கே ஒரு முழம் என்பது
பூ அளக்கிற முழம் இல்லை.

பெட்டியை வாங்காமல் குப்புராஜ் பட்டறைக்குப் போனேன்.
பழைய பேடைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான்.
மாரி பிஸ்கட் கனம்கூட மிச்சமில்லை.
"இந்த ஊர்ல இன்னாத்துக்கு நீ தூசு பாக்குற?
வெள்ளச் சட்டைய ஒரு ராத்திரி கொடியில போட்டுப் பாரு."

சொன்னவன் சும்மா இருக்கவில்லை.
சக்கரத்தைத் தட்டிக் கறுப்பை ஒரு தினத்தந்தித் தாளில் கொட்டினான்.
உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தைத்
தாளுக்கு அடியில் ஓட்டினான்.
பாதித் தூள் முள்முள்ளாய் எழுந்து நின்றது,
காந்தம் போன பக்கமெல்லாம் போனது.
மீதி அசையவில்லை.
"எய்ந்துகினது உன்னுது," என்றான்,
"பட்த்துனு கெடக்குறது ஊரோடது."

என்னுடையதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
கொருக்குப்பேட்டை கேட் மூடியது அதில் இருந்தது.
சுங்கச்சாவடி அருகே குறுக்கே விட்ட ஷேர் ஆட்டோவும்,
பந்தைத் துரத்தி வந்து
என்னை முறைத்துவிட்டுப் போன பையனும்.
ஓடியதற்கு மீட்டர் இருக்கிறது.
நின்றதற்கு இது ஒன்றுதான் கணக்கு.

கடைசியில் மூன்றாவதாக ஒரு பெட்டி.
செராமிக்தான், கொஞ்சமாய் உலோகம் விட்டது.
அறுநூறு ரூபாய் கூட.
ரெஜினா முதலில் ஏன் காட்டவில்லை என்று கேட்டேன்.
"நீங்க வெல கேட்ட மொகத்தப் பாத்தேன்ல."

மாட்டிய மறுநாள், விடியும் முன், மணலி.
அறுபதில் ஓடு, பத்துக்கு இறக்கு, நின்னுடாத,
முப்பது வாட்டி, ஆறவிட்டு ஆறவிட்டு,
அப்பதான் டிஸ்கோட சேரும் என்றிருந்தான் குப்புராஜ்.
ஏழாவதில் பிசின் கருகும் வாசனை,
கண்ணாடியை இறக்கினேன்;
மணலியின் வாசனை அதைவிட மோசம், ஏற்றினேன்.
பத்தொன்பதாவதில்
ஐஸ் ஏற்றிய மீன்பாடி வண்டி ஒன்று
விளக்கும் இல்லாமல் பெல்லும் இல்லாமல்
குறுக்கே திரும்பியது.

நின்றேன்.
அவன் செயினுக்கு எண்ணெய் இல்லை என்பது
காதில் விழும் தூரம்.
ஐஸிலிருந்து சொட்டிய தண்ணீர்
என் பம்பருக்கு முன்னால் ஒரு கோடு போட்டுக்கொண்டே போனது.
அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
நான் எண்ணிக்கையை விட்டுவிட்டேன்,
ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

வைகாசியில் திருவொற்றியூரில் ஒரு முகூர்த்தம்.
பெண் வருவதற்குள் முன்சக்கரத்தில் விரல் ஓட்டினேன்.
சாம்பல் நிறத்தில், மெல்லிசாய், கொஞ்சம்.
காந்தம் கைவசம் இல்லை.
பேன்ட்டில் துடைத்துக்கொண்டு
போட்டோக்காரனிடம் போய்ச் சொன்னேன்:
டிக்கிப் பக்கமா நிக்கவெச்சு எடு தம்பி,
அங்கதான் வெளிச்சம் நல்லாருக்கு.