சத்தம் வராத ஃபில்டர்

ஓசூருக்கு மாற்றலாகிப் போன மேல்வீட்டுக்காரர்
எங்களைக் கேட்காமலே
எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார்:
இரண்டடித் தொட்டி, மோட்டார் எரிந்துபோன ஃபில்டர்,
ஒரு நீல ஃபைட்டர்.

வேலூர் ரோட்டில்
ரிக் உதிரிபாகக் கடைகள் பதினொன்றைத் தாண்டினால்
ஒரே ஒரு மீன் கடை.
"திருச்செங்கோட்டுக்காரங்களுக்குப்
பூமிக்கடியில இருக்குற தண்ணி மேலதானுங்க்கா கண்ணு"
என்றான் கடைக்காரத் தம்பி, யாரும் வராத அலுப்பில்.

விளிம்பில் தொங்குவது மணிக்கு ஐந்நூறு லிட்டர் இழுக்கும்,
ஃபைட்டரின் துடுப்பு கிழிந்துவிடும்.
கேனிஸ்டர் விலையைச் சொன்னான்.
அது ஹர்ஷிதாவின் இரண்டாம் டெர்ம் ஃபீஸ்.
ஸ்பாஞ்ச் நூற்றிருபது ரூபாய், காற்று மோட்டார் தனி.
"ஆனா அந்த மோட்டாரு
ராத்திரி பூரா மொணமொணத்துட்டே கெடக்குமுங்க்கா."
கடைசியாக ஒரு கறுப்புப் பெட்டியை
வாளித் தண்ணீருக்குள் ஓடவிட்டான்.
குனிந்து காதைக் கொடுத்தேன்.
ஒன்றுமில்லை.
அதையே கட்டச் சொன்னேன்.

சத்தீஸ்கரில் மழை பிடித்துக்கொண்டது.
ரிக் வண்டியை ஏதோ பெட்ரோல் பங்கில் போட்டுவிட்டு
பத்து மாதத்துக்குப் பின் செங்கோட்டுவேல் வீடு வந்தார்.
சாப்பிட்டார். படுத்தார். புரண்டார்.
இரண்டு மணிக்குப் பார்த்தால்
தொட்டி முன்னால் சேர் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.
"தூக்கம் வரலீங்களா?"
"எல்லாம் நின்னு போன மாதிரி இருக்குது வாணி."

சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை எனக்கு.
ரிக் ஆபீசில் பதினாலு வருசம் கணக்கு எழுதுகிறேன்.
கம்ப்ரசர் ஓடும்வரை வண்டிக்கடியில் எவனும் தூங்குவான்.
அது நின்றால்
சுத்தியல் குழியில் மாட்டியது என்று அர்த்தம்,
எழுந்து ஓட வேண்டும்.
அந்த ஓட்டம் காலில் வந்து நிற்க
தன் வீட்டில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.
கல்லுக்குப் பின்னால் ஃபைட்டரும் தூங்கவில்லை,
கறுப்புப் பெட்டியின் இழுப்புக்கு வாலைக் கொடுக்காமல்
ஒட்டிக்கொண்டிருந்தது.

மாற்றித் தரச் சொன்னபோது
தம்பி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.
"சத்தம் வர்றது வேணும்னு கேட்ட மொத ஆளு நீங்கதானுங்க."
இவர் ஸ்பாஞ்சைத் திருப்பிப் பார்த்து, குழாயைப் பார்த்து,
மீசைக்குள் சிரித்தார்.
"அட, இது நம்ம கம்ப்ரசர் போரு!
காத்தை அடியில உட்டா தண்ணி தானா ஏறும்.
எங்க காட்டுல எண்ணூறடிக்கு இதேதான் போட்டோம்.
வந்தது அரை இஞ்சு."

தம்பிக்கு அந்தக் கதை வேண்டியிருக்கவில்லை.
"பழைய ஃபில்டர் பஞ்சை இந்தத் தொட்டித் தண்ணியிலயே பிழிஞ்சு உடுங்க.
கண்ணுக்குத் தெரியாததுக வந்து குடியேறோணும்.
அதுகதான் ஃபில்டரு. இது வெறும் ஊடு.
பைப்புத் தண்ணியில மட்டும் கழுவீராதீங்க,
மருந்து வாடைக்கு அத்தனையும் செத்துரும்."

மொணமொணவென்று ஓடியது.
குமிழிகள் ஏறின.
முதலில் மீன் வெளியே வந்தது.
பத்தரைக்கெல்லாம் குறட்டை கேட்டது.
இரண்டு சத்தத்துக்கும் நடுவே
நான் விழித்துக் கிடந்தேன்,
யாரைக் குறை சொல்வது என்று தெரியாமல்.

புரட்டாசி பிறந்ததும் வண்டி ஏறினார்.
மாதம் ஒருமுறை
தொட்டித் தண்ணீரை ஒரு வாளி மொண்டு
அதில் ஸ்பாஞ்சைப் பிழிகிறேன்.
போர் போடும்போது முதலில் கக்கும் சேற்றின் நிறம்.
கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினால்
கொழுந்து கையகலம் வருகிறது.

நேற்று ராத்திரி கரண்ட் போனது.
மோட்டார் நின்ற நொடியில்
எழுந்து நின்றுவிட்டேன்,
இருட்டில்,
எங்கே ஓடுவதென்று தெரியாமல்.