தியோ

ராஸ் அல் கைமாவில்
மணல் கொட்டிச் செய்த தீவின் மேல்
இன்னும் திறக்காத சூதாட்ட விடுதி.
மேசைகளின் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை.
நான் மட்டும் ஏப்ரலிலிருந்து
ஆட்டக்காரர்களை நேசிக்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

நேசம் எங்கள் துறையில் ஒரு பெருக்கல்.
சராசரிப் பந்தயம் ஐந்நூறு திர்ஹாம்,
மணிக்கு அறுபது ஆட்டம்,
ஐந்து மணி நேரம்,
விடுதியின் பங்கு நூற்றுக்கு ஒன்று புள்ளி இரண்டு.
ஆயிரத்து எண்ணூறு.
அன்று அவன் ஜெயித்துப் போயிருக்கலாம்,
அது அவன் சமாச்சாரம்.
எங்கள் ஏட்டில் தோற்றது ஆயிரத்து எண்ணூறு.
இதற்குத் தியோ என்று பெயர்.
அதில் நாற்பது சதம் திருப்பிக் கொடுத்தால்
மறுபடி வருவான்:
எழுநூற்று இருபதுக்குக்
கடல் பார்த்த அறை, ஓர் இரவு, காலையில் முட்டை.

ஒத்திகைக்கு ஆள் வேண்டும்.
பெயர்களை இட்டுக்கட்டச் சோம்பி
காண்ட்ராக்டரின் வருகைப் பட்டியலை
அப்படியே ஏற்றிவிட்டேன்.
சவரிராயன், டைல்ஸ் வேலை, மணப்பாடு.
தங்க அட்டை கொடுத்தேன்.
போன் நம்பரை அழிக்க மறந்தேன்.

வியாழன் இரவு
கணினி தானாக எழுதியிருக்கிறது:
அன்புள்ள திரு. சவரிராயன்,
உங்களைக் காணாமல் தவிக்கிறோம்.

வெள்ளிக்கிழமை ஊழியர் வாசலில் நின்றார்.
இஸ்திரி போட்ட சட்டை;
பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்த தூரத்திலேயே
ஆகஸ்ட் அதைக் கசக்கிவிட்டிருந்தது.
"ஒரு சந்தேகம் மேடம்.
நான் என்னத்தத் தோத்தேன், இதத் தாராங்க?"

தோற்றதற்கு அல்ல,
தோற்பீர்கள் என்ற கணக்குக்கு என்றேன்.
தொகையைச் சொன்னதும் சிரித்தார்.
"ஓவர்டைம் சேத்தா என் சம்பளம்லா அது."

பிறகு அவர் ஒரு கணக்குச் சொன்னார்.
ஏஜென்ட்டுக்கு ரெண்டு லட்சம். மூணு வட்டி.
மாசம் ஆறாயிரம் போகுது, முதல் அப்படியே நிக்கு.
"வட்டிக்காரரு வருசத்துக்கு ஒரு காலண்டர் குடுப்பாரு,
மாதா படம் போட்டது.
அது எத்தன சதம் மேடம்?"

எழுபத்திரண்டாயிரத்துக்கு நாற்பது ரூபாய்.
கேட்காமலே மனம் வகுத்தது:
ஆயிரத்து எண்ணூறில் ஒரு பங்கு.
அதே எண்.
தற்செயல்தான்.
தற்செயலைத்தானே விற்கப் போகிறோம்.

கட்டுமான ஆட்கள் ஆடக் கூடாது,
இந்தச் செய்தியே விதிமீறல்,
உரிமம் தந்தவர்களுக்கு நான் எழுதியாக வேண்டும்
என்றெல்லாம் சொன்னேன்.
வேண்டுமானால் ஒரு பட்டியல் உண்டு,
தன்னைத் தானே விலக்கிக்கொள்கிறவர்களுக்கு;
பெயர் இருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவோம்.

யோசித்தார்.
"இங்க எதுக்கு?
தூத்துக்குடில ஏஜென்ட் ஆபீஸ் வாசல்ல
அந்தப் பட்டியல ஒட்டியிருந்தா
நானே முத ஆளா எழுதியிருப்பேன்."

போகும்போது திரும்பினார்.
"ஒன்பதாம் மாடிதான எனக்கு விழுந்த ரூம்?
குளியலறைக் கதவுக்குப் பின்னால மூணாவது கல்லு
உள்ள பொள்ளலா இருக்கும்.
சூப்பர்வைசர் அவசரப்படுத்திட்டான்.
ஆள் வாரதுக்கு முந்தி சொல்லிருங்க."

விபத்து அறிக்கையில் எட்டாவது கேள்வி:
வாடிக்கையாளருக்கு ஏற்பட்ட இழப்பு எவ்வளவு?
கணக்கிட்டதா, உண்மையானதா?
ஏதேனும் ஒன்றை மட்டும் குறிக்கவும்.

லிஃப்ட்டில் ஏறினேன்.
முதல் கல்.
இரண்டாவது.
விரல் முட்டியால் மூன்றாவதைத் தட்டினேன்.
ஆமாம்.

எட்டாவது கேள்வியைத் தாண்டி
ஒன்பதாவதற்குப் போய்விட்டேன்.
கணினி விடவில்லை.
சிவப்பில் காட்டுகிறது: கட்டாயம் நிரப்ப வேண்டிய இடம்.