அடிக்குறிப்பு 412

கழுத்தில் துப்பாக்கியை வைத்துச்
சுடச் சொன்னார்கள், சுட்டான்.
இது குற்றமா?
"மற்ற நாடுகளில் என்ன சொல்லியிருக்கிறார்கள், பாருங்கள்"
என்றார் நீதிபதி, திங்கள்கிழமை.

நியோலே பார்க்கத் தொடங்கினாள்.
ஹேக் நகரில் மழை. மூன்றாம் மாடியில் ஹீட்டர் பழுது.
மேல்கோட்டோடு உட்கார்ந்து
இத்தாலியில் ஒரு பக்கம், சிலியில் இரண்டு வரி.
ஓரிடத்தில் "குற்றமில்லை" என்பது
பக்கத்து நாட்டில் "குற்றம்தான், தண்டனை குறைவு."
எல்லை தாண்டும் சொல்லின் சட்டைப்பையை
எவரும் சோதிப்பதில்லை.

பிறகு அந்த ஆங்கிலேயப் படகு.
1884. கப்பல் மூழ்கி, நடுக்கடலில் நான்கு பேர்,
இரண்டு டின் டர்னிப்.
மூன்றாம் வாரம்,
கடல்நீர் குடித்து மயங்கிக் கிடந்த பையனைக்
கொன்று தின்றார்கள்.
பசி நியாயமாகாது, கொலைதான் என்றது கோர்ட்டு.

வழக்கின் தலைப்பில்
கொன்றவர்கள் இருவரின் பெயர்.
நியோலே பையனின் பெயரையும் சேர்த்து அனுப்பினாள்.
பென்சிலால் ஒரு கோடு போட்டுத் திரும்பி வந்தது:
மேற்கோளுக்குத் தேவையில்லை.

தீர்ப்பு நாளில்
ஹெட்ஃபோன் காதைவிடப் பெரிதாக,
முதல் வரிசையில் க்ளெமான்ஸ் யாம்பெலே.
சுடப்பட்டவனின் தாய்.
அவள் நாட்டில் கடல் கிடையாது.
கண்ணாடிக் கூண்டுக்குள் மொழிபெயர்ப்பாளர்
"உப்புத் தண்ணீர்" என்றார்,
சாங்கோ மொழியில் கடலுக்கு அதுதான் சொல்.

மூன்று பேர் குற்றம் என்றார்கள், இரண்டு பேர் இல்லை என்றார்கள்.
இல்லை என்றவர்களும்
அதே படகில்தான் ஏறினார்கள்,
வேறு கரைக்கு.

தாழ்வாரத்தில் காபி எந்திரம் அருகே
க்ளெமான்ஸ் சிப்பாயைப் பற்றிக் கேட்கவில்லை.
எத்தனை வருடம் என்றும் கேட்கவில்லை.
"அந்தப் படகுப் பையனுடைய அம்மா
கோர்ட்டுக்கு வந்திருந்தாளா?"

நியோலே அதையும் படித்திருந்தாள்.
அவன் அநாதை.

சொன்னாள்.

க்ளெமான்ஸ் காகிதக் கோப்பையை
இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.
வாசலில் வேன் ஹாரன் அடித்தது.

மாலையில் அச்சுப்படி வந்தது.
அடிக்குறிப்பு 412-இல்
ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தது.
கொன்ற இருவரின் பெயருக்கும் பின்னால் அதை நகர்த்தி,
அங்கேயே கொஞ்சநேரம்
கர்சரை மின்ன விட்டாள்.