வலப்பக்கம் இடமில்லை

மூஸ் ஜாவில் நள்ளிரவுக்குப் பிறகு
எடைமேடைக் கூண்டின் சன்னலுக்கு எதிரே
இழுக்க வண்டி வராமல் கிடக்கிறது ஒரு டிரெய்லர்.
அதன் விலாவில் கறுப்பு எழுத்தில்
73939133.

கோர்பின் அதை இரண்டிரண்டாக வாசிப்பான்,
தொலைபேசி எண்போல.
கணினி மும்மூன்றாக நறுக்கும்:
எழுபத்து மூன்று மில்லியன், மற்றது சில்லறை.
நான் ஒருநாள் வாய்க்குள் தமிழில் சொல்லிப் பார்த்தேன்.
ஏழு கோடியே
முப்பத்தொன்பது லட்சத்து
முப்பத்தொன்பதாயிரத்து...
உள்ளே இரட்டையர் இருவர்
தோள் உரசி நிற்பது அப்போதுதான் கேட்டது.

கோதுமை லாரி வராத இரவுகள் நிறைய.
இலக்கங்களைக் கூட்டினேன், முப்பத்தெட்டு.
மூன்று திரும்பிப் போயிற்று.
மும்மூன்றாய் வெட்டிக் கூட்டிக் கழித்ததில்
ஏழும் பதினொன்றும் பதின்மூன்றும்
ஒரே வாசலில் தோற்றன.
பிறகு பழைய எடைச்சீட்டுகளின் முதுகில்
பதினேழு, பத்தொன்பது, இருபத்து மூன்று
என்று எட்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் வரை.
அதற்குமேல் போக வேண்டியதில்லை.
பொங்கல் போய் மாசி பிறந்தது.
யாருக்கும் பிரிந்து கொடுக்கவில்லை.

நான்கால் வகுத்தால் மிச்சம் ஒன்று,
அதனால் எங்கோ இரண்டு வர்க்கங்கள் கூடி
இதுவாகின்றன, ஒரே ஒரு ஜோடி.
அது இன்னும் அகப்படவில்லை.

மாசியில் பனி பக்கவாட்டில் அடித்தது.
வலக்கோடி மூன்றை முதலில் அப்பி மூடியது.
7393913.
மறுபடி சீட்டு, மறுபடி பென்சில். பகா எண்.
அடுத்த வாரம் இன்னொரு மூன்று போனது.
739391. அதுவும்.
73939
7393
739
விரல் விறைக்க விறைக்க எழுதினேன், அதுவும், அதுவும்.
73.
கடைசியில் வெள்ளைத் தகரத்தில் ஏழு மட்டும்
ஒற்றைக்கால் கொக்காக.

என் பெயரையும் இங்கே வலமிருந்துதான் தேய்த்தார்கள்.
மங்கையர்க்கரசி.
மங்கையர்.
மங்கை.
அதுவரைக்கும் பொருள் இருந்தது.
இப்போது சம்பளச்சீட்டு தவிர எல்லா இடத்திலும்
மங்.

ஏப்ரலில் உருகி எட்டு இலக்கமும் திரும்பி வந்தபோது
தலைமையகத்திலிருந்து தாக்கீது:
இனி எல்லா எண்ணுக்கும் ஒன்பது இலக்கம்.
கோர்பின் அச்சுத்தகடுகளும் பெயின்ட் டப்பாவும் நீட்டினான்.
"ஏதாவது ஒன்றைப் போடு, போய்க் காபி குடிக்கலாம்."

வலப்பக்கம் வெறும் தகரம், இரண்டு முழம் இருக்கும்.
இரட்டைப்படை எதுவும் வைக்க முடியாது.
ஐந்து கூடாது, சுழியம் கூடவே கூடாது.
ஒன்றோ ஏழோ வைத்தால்
விரட்டிவிட்ட மூன்று உள்ளே புகுந்துவிடும்.
மூன்றும் ஒன்பதும் நல்ல பிள்ளைகள்போல் நின்றன.
நாலு இரவு அவனைக் காக்க வைத்தேன்,
அவற்றின் குட்டும் உடைந்தது.
இதற்குமேல் இது வளராது.

ஐந்தாம் நாள் ஏணியைத் தூக்கி இடப்பக்கம் வைத்தேன்.
ஏழுக்கு முன்னால், அதைத் தொடாமல்,
ஒரு சுழியம்.

"அந்தப் பக்கம்தான் இவ்வளவு இடம் கிடக்கே,"
என்றான் கோர்பின் கீழிருந்து.

காயட்டும், கை வைக்காதே என்றேன்.