மூன்று திருகாணி

இடது பெடலுக்கு மரை தலைகீழ்.
தெரிந்ததுதான். மறந்துவிட்டு
ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க
இறுக்கிக்கொண்டிருந்தேன், கழற்றுவதாக நினைத்து.
எட்டாம் நம்பர் ஆலன் கீ வழுக்கி
பல்சக்கரத்தில் இடித்த விரல்முட்டியில்
நான்கு கறுப்புப் புள்ளி, ஒரு சிவப்பு.

கடைசியில் கழன்று வந்தது
ஆறு வருஷத்துப் பழசு.
ஸ்பிரிங் இடுக்கிலிருந்து
அச்சன்கோவில் ரப்பர்த் தோட்டத்துச் செம்மண்
செய்தித்தாளில் இட்லிப்பொடியாய் உதிர்ந்தது.
கூடவே காய்ந்து சுருண்ட ஓர் அட்டைப்பூச்சி.
குடித்தது யார் ரத்தமோ,
என்னுடையதோ, ரெஜிமோனுடையதோ.

அந்தப் பெடலுக்கு முகம் ரெண்டு.
எந்தப் பக்கம் மிதித்தாலும் டிக்கென்று வாங்கிக்கொள்ளும்.
'சீட்டு உண்டோ' என்றாலும்
'எடம் இருக்கா' என்றாலும்
தள்ளி உட்காருகிற புனலூர் பஸ் ஆட்கள் மாதிரி.
ஷூவும் அப்படித்தான்,
இரும்புத் துண்டு அடிப்பள்ளத்தில் ஒளிந்திருக்கும்,
அதோடு ஓடை தாண்டலாம், மத்தி வாங்கலாம்,
ஒருமுறை துஷ்டி வீட்டு வாசல்வரை
நடந்திருக்கிறேன், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எண்பது கிலோமீட்டருக்கு மேல்
பெருவிரலுக்குக் கீழே ஒரு ரூபாய் அகலத்தில்
கங்கு வைத்தாற்போல் எரியும், பிறகு மரத்துப்போகும்.
அதற்காகத்தான் மாற்றினேன்.
கேட்டவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொன்னேன்.
யானை வேலி போட்டுக் காட்டுப்பாதை மூடியதையும்
ரெஜிமோன் ஷார்ஜாவுக்குப் போனதையும்
பெடல் கணக்கில் சேர்க்கவில்லை.

புதுசுக்கு ஒரே முகம்.
அதுவும் வால் கனத்துத் தொங்கும்.
விரல் நுனியால் மூக்கை நிமிர்த்தி
அழுத்தினால்தான் கதவு திறக்கும்.
பாதத்தடியில் மஞ்சள் பிளாஸ்டிக்,
அதற்கு மூன்று திருகாணி.
ஆறு டிகிரி அசையலாம் என்கிறது பெட்டி.
என் வலது மூட்டு எட்டு கேட்கிறது.

செங்கோட்டையில் ஐந்தரைக்கு ஏறினேன்.
புளியரை எஸ் வளைவில்
காற்று கணவாயிலிருந்து எதிரே கொட்டியும்
மிதித்தது மிதித்தபடி ரோட்டுக்குப் போனது.
ஒரு சொட்டு சிந்தவில்லை.
சிரித்தேன், வாயில் ஒரு பூச்சி போனது.

ஆரியங்காவு செக்போஸ்டில்
வைக்கோல் லாரிகளின் வரிசை.
நிறுத்தினேன். குதிகாலை வெளியே திருகினேன்,
பழைய பெடலுக்குப் போதுமான அளவு.
போதவில்லை.
விழுவதற்கு நிறைய நேரம் இருந்தது,
தடுப்புக் கம்பியில் ஒட்டிய பாதி போஸ்டரைப்
படித்து முடிக்கிற அளவு.

"எந்தா சேச்சி, காலு ஒட்டிப்போயோ?"
காவலர் சிரிக்காமல் கேட்டார், அதுதான் வலித்தது.
லாரியிலிருந்து குதித்த கிளீனர் பையன்
தலைமுடியெல்லாம் வைக்கோல்,
என் குதிகாலைப் பிடித்து ஒரே முறுக்கு.
அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தான்.
"லாடமாக்கா?"
ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.

சாயாக்கடைக்குப் பன்னிரண்டு எட்டு.
டைல்ஸ் தரையில் டக், டக், ஒரு வழுக்கல், டக்.
எல்லா கிளாஸும் பாதி வழியில் நின்றன.
கடைக்காரர் பேசாமல்
வாசலிலிருந்து பெஞ்சுவரை
ஒரு கோணிச் சாக்கை விரித்துப் போட்டார்.
மாப்பிள்ளை வருகிற மாதிரி வந்து உட்கார்ந்தேன்.
முழங்கையில் மணல்.
ரெஜிமோனுக்கு ஷூவைப் படம் எடுத்து அனுப்பினேன்.
அங்கே இன்னும் விடியவில்லை.

திரும்புகாலில் கோட்டைவாசல் தாண்டி
சரிவு தொடங்குமுன் ஒரு கால் ஊன்றி நின்றேன்.
கீழே தமிழ்நாட்டுப் பக்கம் வெயில்,
முதுகுப் பக்கம் தூறல்.
கிளம்பும்போது குனிந்து பார்க்கவில்லை.
பார்க்காமலே கால் அந்த ஒற்றை முகத்தைத் தேடி
தடவி, தவறி, தடவி,
டக்.

பின்னால் காலியாக இறங்கிய வைக்கோல் லாரி
நீளமாக ஹாரன் அடித்தது.
எனக்கில்லை. முன்னால் ஒரு மாடு.